பொட்டலம் என்று கூப்பிட்டது நீங்கள்தான்

மரியாதைக்குரிய பம்பு மாமா அவர்களுக்கு,

என் மேற்பார்வையாளர் பதவியைக் கெடுத்தது நீங்கள்தான். இதை முதலில் சொல்லிவிட்டு நலம் விசாரிக்கிறேன். உங்கள் முட்டிவலி குறைந்ததா? அத்தை சுகமா? இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மா இன்னும் உங்களைத் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்கிறாள். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

இந்த லிஃப்ட் கம்பெனியில் என்னைச் சேர்த்துவிட்டவர் நீங்கள். மறக்கவில்லை. ஆனால் சேர்த்துவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். முதலாளியிடம் கைகுலுக்கி, வாசல்வரை போய், அங்கிருந்து திரும்பி, கிடங்கு முழுக்கக் கேட்கிற மாதிரி, "டேய் பொட்டலம், பெரியவங்க சொன்னபடி கேட்டு நட!" என்று கத்தினீர்கள். பிறந்தபோது என்னைத் துணியில் சுற்றி உங்கள் கையில் கொடுத்தார்களாம், நீங்கள் 'பொட்டலம்' என்றீர்களாம், வீடே சிரித்ததாம். வீட்டில் சரி மாமா. அங்கே ஸ்பேனரும் கையுமாக நின்ற அத்தனை பேரும் அந்த நிமிஷமே அதைப் பிடித்துக்கொண்டார்கள். டிப்ளமோ படித்துவிட்டு வந்த என் முழுப் பெயரை அன்றைக்கு யாருமே கேட்கவில்லை.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஒருத்தன் உட்கார்ந்து வேலை பார்ப்பான், மாடியில் மோட்டார் அறையில் இன்னொருத்தன் இருப்பான். பெட்டியை நகர்த்துவதற்கு முன்னால் மேலே இருப்பவன் கீழே இருப்பவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவன் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். பதில் வராமல் பொத்தானில் கை வைத்தால் வேலை போய்விடும், சில சமயம் ஆளே போய்விடுவான். அதனால் அந்த இருட்டுக் குழிக்குள் நான் பொட்டலம், என் கூட்டாளி ஒட்டகம். அவன் உயரம் அப்படி. அவன் என்னைப் பொட்டலம் என்றால் எனக்குக் கோபம் வராது, நானும் திருப்பிக் கூப்பிடலாம், கணக்கு நேராகிவிடும். மேனேஜர் கூப்பிடும்போது அப்படி இல்லை. அவருக்கும் பட்டப்பெயர் இருக்கிறது. 'சுருக்குப்பை' என்று. அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் அது எங்கள் வாயில் வரும். கீழே இருந்து மேலே போவது 'சார்', மேலே இருந்து கீழே வருவது 'பொட்டலம்'. பெருக்க வருகிற அம்மாவுக்கு அதுகூட இல்லை, 'ஏம்மா' மட்டும்தான்.

மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றதும் நான் போய் அந்த வேலையைக் கேட்டேன். தகுதி இருக்கிறது, கேட்டேன். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ஏன்டா பொட்டலம், உன்னைப் போட்டா கட்டடத்துக்காரங்க உன்னை எப்படிக் கூப்பிடுவாங்க? பொட்டலம் சார்னா?" என்றார். கணக்கர், டிரைவர், தேநீர் கொண்டுவந்தவர் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, "அப்ப இனிமே எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடணும்னு உத்தரவு போடுங்க சார், அப்புறம் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். அவரும், "சரி, போட்டேன். பேர் சொல்லி வேலை நடந்தா அந்த வேலை உனக்குத்தான்" என்றார்.

அடுத்த நாளே அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நின்றுவிட்டது. நான் பெட்டியின் கூரைமேல், ஒட்டகம் மேலே மோட்டார் அறையில். உத்தரவுப்படி பட்டப்பெயர் கூடாது. மேனேஜர் வேடிக்கை பார்க்கவே வந்து, காய்கறிப் பையோடு நின்ற குடித்தனக்காரர்களுக்கு நடுவில் நிற்கிறார். ரோலரை மாற்றி முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மேலே இருந்து யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம். ஏதோ வீட்டுக்காரர் பிள்ளையைத் தேடுகிறார் என்று நினைத்தேன். மறுபடி கூப்பிட்டார்கள். எவன்டா அது, இவ்வளவு கூப்பிட்டும் காதுல விழாம இருக்கானே, பெத்தவங்க பாவம்னு எனக்கே எரிச்சல் வந்துச்சு மாமா. கீழே ஒரு அம்மா, "உள்ள இருக்கிற ஆளுக்கு ஏதாவது ஆயிடுச்சா? ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!" என்று கத்துகிறார். எவனுக்கு என்ன ஆச்சுன்னு நானும் கூரையிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். கடைசியில் ஒட்டகம் குரல் உடைந்து, அழுகிற மாதிரி, "டேய் பொட்டலம்! உயிரோட இருக்கியாடா?" என்றான்.

"இருக்கேன்டா!" என்றேன்.

கீழே கைதட்டினார்கள். குடித்தனக்காரர்கள் மொத்தப் பேருக்கும் இப்போது என்னைத் தெரியும். மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். இப்போது மேற்பார்வையாளர் நாற்காலியில் தற்காலிகமாக அவருடைய அக்கா மகன் உட்கார்ந்திருக்கிறான். ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. வந்த அன்றே அவனை எல்லாரும் 'சின்னவர்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அதுவும் பட்டப்பெயர்தான் மாமா. அதைக் கேட்டு ஏன் யாரும் சிரிக்கவில்லை?

நிரந்தரமாக யார் என்பதை முதலாளி இந்த மாதக் கடைசியில்தான் முடிவு செய்கிறார். ஆகவே நீங்கள் உடனே புறப்பட்டு வர வேண்டும். அதே வாசலில் நின்று, அதே குரலில், என் முழுப் பெயரையும் சொல்லி ஒருமுறை கூப்பிட வேண்டும். வெறும் பெயர் போதும், புத்திமதி வேண்டாம். ஒரு மனிதனை அவன் பெயரால் அழைப்பது பெரிய உபகாரம் இல்லை, அடிப்படை மரியாதை. அதைக்கூடச் செய்யாதவர்களை நான் உறவென்று நினைப்பதாக இல்லை.

அத்தைக்கு வணக்கம். முட்டிக்குத் தைலம் தேயுங்கள். உங்கள் ஆசி என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஒன்றுவிட்ட அக்காவின் மகன்
(பெயர் உங்களுக்கே தெரியும்)

பி.கு.: இதைப் பதிவுத் தபாலில் அனுப்பத் தபால் நிலையத்துக்கு வந்தேன். கவுன்டரில் இருந்தவர் உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "பம்பு மாமான்னு எழுதியிருக்கீங்க. கையெழுத்துப் போட்டு வாங்குறவர் பேரு வேணுங்க" என்றார். அம்மாவுக்குப் போன் போட்டேன். "அவன் பேரா? பம்புதான்டா. சைக்கிள் பம்பை யாருக்கும் குடுக்க மாட்டான். பள்ளிக்கூடத்துல வேற என்னமோ சொல்லுவாங்க, எதுக்கு இப்ப அதெல்லாம்?" என்றாள். உங்கள் வீட்டுக்கே போன் போட்டேன். அத்தை எடுத்து, "யாரு, பொட்டலமா?" என்றார். வைத்துவிட்டேன்.

கவுன்டர் ஓரமாக நின்று இதை எழுதுகிறேன். உங்கள் பெயர் என்ன மாமா? உடனே எழுதுங்கள். அது தெரிந்தால்தான் இந்தக் கடிதத்தை உங்களுக்கு அனுப்ப முடியும்.