மாமனாருக்குக் கடலைத் தயிர்

பட்டம் வாங்கிய முதல் வருஷம் யாரையும் சமையலறைக்குள் விடக் கூடாது. படித்ததையெல்லாம் யார் தலையிலாவது கட்டத் தோன்றும். நான் என் மாமனார் தலையில் கட்டினேன்.

எண்பதுகளின் தொடக்கம். திருச்சியில் மனையியல் படித்து முடித்த கையோடு ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்கு மருமகளாக வந்தேன். மாமனார் சாதுர்மாஸ்ய விரதக்காரர்; நான்கு மாதமும் மாதத்துக்கு ஒரு உணவை விட்டுவிடுவார். ஆவணி வாக்கில் ஒரு மாதம் தயிர், மோர் தொட மாட்டார். அடுத்த மாதம் பால் கிடையாது. மற்ற நாட்களில், தயிர் சாதம் வரப்போகிறதே என்றுதான் குழம்பையும் ரசத்தையும் பொறுத்துக்கொள்வார். அந்த ஒரு மாதம் கடைசிச் சாதத்துக்கும் ரசமே விட்டுக்கொண்டு, எங்கள் தட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவார். எனக்குப் பாவமாக இருந்தது. (நல்ல பெயர் வாங்கும் ஆசையும் இருந்தது, மறைப்பானேன்.)

கல்லூரியில் வேர்க்கடலைப் பாலில் தயிர் தோய்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கடலையை ஊறவைத்து, அரைத்து, வடிகட்டி, காய்ச்சி, ஆறவைத்து, உறை ஊற்றினேன். காலையில் கட்டியாகத் தோய்ந்திருந்தது.

மாமனார் கிண்ணத்தை உற்றுப் பார்த்தார். "பால் ஒரு சொட்டுகூட இல்லையே?"

"சத்தியமா இல்லைப்பா. வெறும் கடலை."

ஒரு வாய் சாப்பிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கடலை வாசனை வருகிறது என்றார். இன்னும் கொஞ்சம் விடச் சொன்னார்.

பெருமை தாங்காமல் தன்னோடு விரதமிருக்கும் சிநேகிதர்களிடமும் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தூக்குப் பாத்திரங்களோடு வந்தார்கள். ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்துவிட்டு, கூடத்தில் நின்று பாடம் நடத்தினேன். புரதத்தில் பசும்பால் தயிருக்குச் சளைத்ததில்லை, கொழுப்பு உண்டு, கொலஸ்ட்ரால் இல்லை, சுண்ணாம்புச்சத்துதான் குறைவு, அதற்குக் கீரை சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். பெரியவர்கள் தலையாட்டித் தலையாட்டிச் சாப்பிட்டார்கள்.

அடுக்களை வாசலில் நின்ற மாமியார் கேட்டார். "எல்லாம் சரிடி. உறைக்கு என்ன விட்டே?"

"நம்மாத்துத் தயிர்தாம்மா. ஒரே ஒரு ஸ்பூன்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. எனக்குச் சொல்லிக் கொடுத்த டீச்சர் தயிர் விரதம் இருப்பவரில்லை, நானும் இல்லை. ஒருவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். இன்னொருவர் வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் முற்றத்துக்கு ஓடினார். பிறகு மாமனார் உட்பட எல்லோரும் காவேரியில் முழுகப் புறப்பட்டார்கள். திருச்சி கே.கே. நகரிலிருந்து அப்பா வந்து என்னை அழைத்துப் போகப் போகிறார் என்று நான் அடுக்களையில் அழுதுகொண்டிருந்தேன்.

மாமனார் ஈர வேட்டியோடு வந்து நின்றார். "அழாதேம்மா. எத்தனை வருஷமா விரதம் இருக்கேன், எனக்குக் கேக்கத் தோணித்தா? நாக்கு கேக்க விடலை."

பிராயச்சித்தமாகத் தயிர் விரதத்தை இன்னொரு மாதம் நீட்டினார். அது பால் விரத மாதம், காபியும் போயிற்று. நானும் அவரோடு சேர்ந்து இரண்டையும் விட்டேன். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ரச சாதம் சாப்பிட்டோம். விரதம் முடிந்த அன்று தயிரை முதலில் என் தட்டில்தான் விடச் சொன்னார்.

பல வருஷம் கழித்து என் பெண்ணைப் பார்க்க வந்த பையன், சிகரெட்டைத் தொட்டதே இல்லை, சத்தியம் என்றான். தள்ளாத வயதிலிருந்த மாமனார் மெதுவாகக் கேட்டார், "உறைக்கு என்ன விட்டேள்?"

பையன் விழித்தான். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனே மாப்பிள்ளையானான். இப்போது நான் எதையாவது அடித்துச் சொன்னால் முதலில் அந்தக் கேள்வியைக் கேட்பது அவன்தான்.