மூன்றாம் நம்பர் மெசினும் றிவேர்ஸ் அண்ணையும்

உடுப்புத் தோய்க்கிற மெசின் தடதடவென்று சத்தம் போட்டால் கனடாவில், மொன்றியலில் எல்லோரும் அதைக் காலால் உதைப்பார்கள். றிவேர்ஸ் அண்ணை ஒருவர்தான் அதற்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடித் தலையாட்டுவார். ஒரு மெசினைப் பார்த்து "இண்டைக்கு நல்லாப் பாடினாய்" என்று சொன்ன மனிதர் உலகத்திலேயே அவராகத்தான் இருப்பார்.

பிள்ளைகளே, அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரால் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். புவாண்ட்-கிளேரில் ஒரு பெரிய சாமான் கிடங்கில் அவர் பெட்டிகளைத் தூக்கி வைக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினார், நான் பெட்டி ஒட்டினேன். ஃபோர்க்லிஃப்ட் பின்னுக்கு வரும்போது பீப், பீப் என்று கத்தும். மற்ற ஓட்டுநர்கள் நாலடி பின்னுக்கு வந்து நிறுத்துவார்கள். இவர் கிடங்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பின்னுக்கே வருவார்.

"ஏன் அண்ணை உப்பிடி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பீப்புக்கும் பீப்புக்கும் நடுவில ஒரு இடம் கிடக்கு ஐசே. அதுக்குள்ள ஒரு பாட்டு நிக்குது" என்றார்.

அன்றைக்கு வந்த பெயர்தான் றிவேர்ஸ்.

அவருக்கு 'நியூ வேவ்' என்ற றொக் இசையில் பைத்தியம். நான் பெரிதாகப் படித்தவன் அல்ல, எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன். சாதாரண றொக் பாட்டில் கிற்றார் அழும், பாடுகிறவர் தொண்டை கிழியக் கத்துவார். நியூ வேவில் கீபோர்ட் விட்டுவிட்டுக் குத்தும், தாளம் வெட்டி வெட்டிப் போகும், பாடுகிறவர் மெற்றோவில் அடுத்த ஸ்ரேசனை அறிவிக்கிற மாதிரிப் பாடுவார். முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது. றிவேர்ஸ் அண்ணைக்குப் பிறந்ததிலிருந்தே முகத்தில் ஒன்றும் தெரியாது. ஆகவே பாதி வேலை முன்னமே முடிந்திருந்தது.

தமிழில் அப்படி ஒரு அல்பம் செய்யப் போவதாக அவர் சொன்னபோது, றம்ஸ் அடிக்க ஆள் தேடுவார் என்று நினைத்தேன். அவர் என்னை லாசாலில் நாங்கள் இருந்த கட்டடத்தின் நிலக்கீழ் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே மூன்று தோய்க்கும் மெசின்கள் நின்றன. மூன்றாம் நம்பருக்கு ஒரு கால் கட்டை. அது சுழலும்போது 'டக், டகடக், டும்' என்று நொண்டும்.

"இவர்தான் எங்கட றம்மர்" என்றார் அண்ணை, ஏதோ கலியாண வீட்டில் மாப்பிள்ளையை அறிமுகம் செய்கிற மாதிரி.

பிறகுதான் எங்கள் கட்டடத்தில் கூத்துத் தொடங்கியது. எந்த உடுப்புப் போட்டால் எந்தத் தாளம் வரும் என்று அண்ணை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். மெதுவான பாட்டுக்குப் பருத்திச் சேலையும் துவாயும். வேகமான பாட்டுக்கு ஜீன்ஸ் நாலு. 'டும்' விழ வேண்டுமானால் ஒற்றைக் கான்வஸ் சப்பாத்து. ஒரு ஆளின் வீட்டில் இவ்வளவு அழுக்குத் துணி எங்கே இருக்கும்? அண்ணை கதவு கதவாகத் தட்டினார்.

"அக்கா, உங்களிட்ட ஊத்தை உடுப்பு ஏதும் இருக்கே? ஜீன்ஸ் எண்டால் நல்லம்."

முதல் கிழமை சனம் பயந்தது. இரண்டாவது கிழமை கூடைகூடையாகக் கொண்டுவந்து கொடுத்தது. மூன்றாவது கிழமை என் மனைவி, "என்ர சட்டையை மெதுப் பாட்டுக்குப் போடச் சொல்லுங்கோ, போன பாட்டில சாயம் போயிட்டுது" என்றாள்.

நான் ஒரு புத்தி சொல்லிப் பார்த்தேன். "அண்ணை, ஒரு நிமிசம் பதிஞ்சு கொம்பியூட்டரில திருப்பித் திருப்பி ஒட்டினால் போதுந்தானே?"

"அப்ப அது பொம்மை ஐசே. மெசின் எண்டால் இடையில களைக்கும், பேந்து எழும்பும். அந்தக் களைப்புத்தான் பாட்டு."

இப்படியே எட்டுப் பாட்டு முடிந்தது. ஒன்பதாவதுக்குப் பெயர் 'பிழியல்'. மெசின் கடைசியாகத் தண்ணீர் பிழியும் அந்த ஆறு நிமிடத்துக்குள், பக்கத்தில் நின்று கீபோர்ட் அடித்துக்கொண்டு ஒரே மூச்சில் பாட வேண்டும். அது இல்லாமல் அல்பம் இல்லை என்பது அண்ணையின் பிடிவாதம். ஏழு தரம் முயன்றார், ஏழு தரமும் ஏதோ ஒன்று பிழைத்தது.

அந்த நேரம் பார்த்துக் கட்டடத்தைப் பராமரிக்கிற கொன்சியேர்ஜ் வந்து மூன்றாம் நம்பரின் தலையில் தட்டினார். "வெள்ளிக்கிழமை புது மெசின் வருது. இது குப்பைக்கு, ஃபினி" என்று பிரெஞ்சில் சொன்னார். வேறு மெசின் ஒன்றும் அப்படி நொண்டாது. எங்களுக்கு மிஞ்சியது வியாழன் பின்னேரம் ஒன்றுதான்.

வியாழன் வேலை முடிந்து நேரே வந்தோம். என்னுடைய வேலை ஒன்றே ஒன்று: கதவடியில் நின்று ஒருவரையும் உள்ளே விடாமல் பார்ப்பது. அண்ணை மைக்கை நிறுத்திவிட்டுத் தன்னுடைய ஒரு சப்பாத்தையே கழற்றி மெசினுக்குள் போட்டார். பிழியல் தொடங்கியது. நொண்டல் அவ்வளவு அழகாக ஒருநாளும் விழுந்ததில்லை. அண்ணையும் ஒரு பிழை விடவில்லை. ஒரு நிமிடம், இரண்டு, மூன்று. 

நாலாவது நிமிடம் மூன்றாம் மாடிப் பரிமளம் அக்கா கூடையோடு வந்தார். என் மனைவிக்குப் பிள்ளை பிறந்தபோது பத்து நாள் சரக்குக் கறி வைத்துத் தந்த மனுசி. அவரைக் கையால் மறிக்க எனக்கு மனம் வரவில்லை. வாயில் விரலை வைத்து 'உஸ்' காட்டினேன்.

"என்ன, பல்லுக் கொதியோ?" என்று கேட்டுக்கொண்டே அக்கா என்னைத் தாண்டி உள்ளே போனார். மைக்குக்கு நேரே நின்று, மெசினை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இது இன்னும் முடியேல்லையே? எனக்கு அடுப்பில கறி கிடக்கு."

அண்ணை நிறுத்தாமல் கடைசி வரை வாசித்தார். மெசின் நின்றது. அவர் மூடியைத் திறந்து, ஈரச் சப்பாத்தை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டு, "சரி, முடிஞ்சுது" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினார். 'சளக்' என்று ஒரு கால், சத்தமில்லாமல் மறு கால். அந்தத் தாளத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை லொறி பின்னுக்கு வந்து, பீப் பீப் என்று அழுது, மூன்றாம் நம்பரை ஏற்றிக்கொண்டு போனது. அண்ணை யன்னலால்கூட எட்டிப் பார்க்கவில்லை. கீபோர்டை உறையில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார். பிழை முழுக்க என்னுடையது. கதவடியில் நின்றபடி என் ரெலிபோனிலும் பதிந்திருந்ததை மனைவிக்குப் போட்டுக் காட்டி, "பார், நான் கெடுத்த கெடுப்பை" என்று தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தேன்.

சனிக்கிழமை காலை. மனைவி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவலையின் சத்தத்தோடு சேர்ந்து அவளுடைய வாய் தானாக முணுமுணுத்தது: "தம்பி, இது இன்னும் முடியேல்லையே... அடுப்பில கறி கிடக்கு..." அச்சொட்டாக அதே நொண்டல் தாளம்.

நான் ஓடிப்போய் அண்ணையைக் கையில் பிடித்து இழுத்து வந்தேன். இருவரும் குசினிச் சுவரோடு ஒட்டி நின்று கேட்டோம். அண்ணையின் ஒரு விரல் மட்டும் காற்றில் தாளம் போட்டது.

"என்ன ரெண்டுபேரும் பல்லி மாதிரிச் சுவரில ஒட்டிக்கொண்டு நிக்கிறியள்?" என்றாள் மனைவி.

"தங்கச்சி, இன்னொருக்காப் பாடும்" என்றார் அண்ணை. அன்று பின்னேரமே கீபோர்ட் கட்டிலுக்குக் கீழேயிருந்து வெளியே வந்தது. அக்காவின் வசனத்தை எடுத்து நாலு இடத்தில் வைத்தார். பாட்டு முடிந்தது, அல்பம் முழுதாயிற்று.

வெளியீட்டு விழாவில் பிரதம விருந்தினர் பாட்டைக் கேளாமலே முக்கால் மணி நேரம் புகழ்ந்தார். பிறகு முதல் பாட்டு பீப், பீப் என்று தொடங்கியது. பாதி மண்டபம் எழும்பிப் பின்னுக்குத் திரும்பி வழி விட்டது. முன்வரிசையில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, பாட்டு எப்ப தொடங்கும்?"

"இதுதான் ஐயா பாட்டு."

"அப்பிடியோ. முடிஞ்சாப் பிறகு சொல்லும்."

ஆனால் 'பிழியல்' வந்ததும் அவரும் சேர்ந்து பாடினார். பரிமளம் அக்காவுக்குத்தான் கவலை. "முதலே சொல்லியிருந்தால் கொஞ்சம் வடிவாக் கதைச்சிருப்பன்" என்றார்.

இப்போது பாருங்கள், உங்கள் பள்ளிக்கூடத்து அண்ணாமார் பனி வழிக்கிற சவல் மண்வெட்டியையும் புட்டுப் பானையின் மூடியையும் பதிந்து பாட்டுச் செய்கிறார்கள். பிரெஞ்சுப் பொடியங்களின் குழு ஒன்று 'பிழியலை'ப் பாடிய இரவு, பரிமளம் அக்காவை மேடைக்கு அழைத்தார்கள். அவர் கூடையோடுதான் போனார்.

றிவேர்ஸ் அண்ணை இன்றைக்கு டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் சொந்த வீட்டில் இருக்கிறார். மகள் வாங்கிக் கொடுத்த புது மெசின் மூச்சுக்கூட விடாது. "ஒரு குணமும் இல்லாத சாமான் ஐசே" என்று அலுத்துக்கொள்வார். எங்கள் வீட்டு மெசினுக்கு மூன்று மாதமாக ஒரு கால் ஆடுகிறது. திருத்த ஆளைக் கூப்பிடச் சொல்லி மனைவி தினமும் சொல்கிறாள். கூப்பிடத்தான் வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணை வருவார், அவருக்கென்று ஒரு கதிரையை அதன் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறேன்.