ஒரு ஜாண் கத்தி

சாணை பிடித்த கத்தியை வாங்கிக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்த பிறகுதான் குமாஸ்தாவுக்கு அந்தச் சட்டப்பிரிவு ஞாபகம் வந்தது. ஒரு ஜாணுக்கு மேல் நீளமான கத்தியைப் பொது இடத்தில் மறைத்து எடுத்துச் சென்றால் குற்றம். சட்டத்துறை அலுவலகத்தில் அதைத் தட்டச்சு செய்ததே அவர்தான்.

பையிலிருந்த கத்தியை ஜாண் போட்டுப் பார்த்தார். விரலைத் தாண்டி முனை பளபளத்தது.

மறைத்தால்தானே குற்றம்? வெளியே எடுத்துக் கையில் பிடித்தபடி பஸ் ஸ்டாப்பில் போய் நின்றார். பக்கத்தில் நின்ற அம்மாள் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். தைரியம் சொல்வதாக நினைத்து இவர் சிரித்தார். அம்மாள் அழ ஆரம்பித்தாள்.

"பயப்படாதீங்க, யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டேன்!" என்று கையை உயர்த்தினார். உயர்த்தியது கத்தி இருந்த கை. பஸ் ஸ்டாப்பே காலியானது.

வியர்த்துப்போய் மனைவிக்குப் போன் போட்டார்.

"மறைச்சாலும் தப்பு, காட்டினாலும் தப்பாயிருக்குடி. வெடிகுண்டு வச்சிருக்கிறவன்கூட நிம்மதியா இருப்பான்."

"தக்காளி நசுங்குதேன்னு சின்னக் கத்தியக் குடுத்தனுப்பினா, அதுலயும் சட்டமா? பேசாம வீட்டுக்கு வாங்க."

பேசாமல் இருக்க அவருக்கு வராது. நேரே காவல் நிலையத்துக்குப் போய், கத்தியும் கையுமாக உள்ளே நுழைந்தார். வாசல் ஏட்டு மேஜைக்கடியில் பாய்ந்தார்.

"சரணடைய வந்திருக்கேன். ஆபத்தான ஆயுதங்கள் சட்டம், நாலாவது பிரிவு."

இன்ஸ்பெக்டர் கத்தியை வாங்கி வைத்துவிட்டு, அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வீட்டு உபயோகத்துக்குன்னா விலக்கு உண்டு சார். அதுக்கு அடுத்த வரியே அதுதான். படிக்கலையா?"

"அடிச்சேன் சார்," என்றார் குமாஸ்தா, தலையைச் சொறிந்துகொண்டு. "படிக்கல."

நிலையமே சிரித்தது. அவரும் கூடச் சிரித்தார். தன்னைப்போல ஒரு மண்டூகத்தைச் சர்க்கார் இத்தனை வருஷம் எப்படி வைத்திருக்கிறது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. போகட்டும், முட்டாள்தனத்துக்குத்தான் இன்னும் சட்டம் வரவில்லையே! நிம்மதியாகக் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வாசலில் கறிக்கடைக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்து, கத்தியையும் அவரையும் பார்த்து அப்படியே நின்றார்.

"அடேங்கப்பா! நான் புகார் குடுக்கிறதுக்குள்ள ஆளயே புடிச்சிட்டீங்களா? சாணைக் கடையில என் கத்தியத் தூக்கிட்டுப் போன திருடன் இவன்தான்யா!"