தூக்கமல்ல, ரெவரீ

நான் தூங்கவில்லை. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி சீதாலெட்சுமி உங்களிடம் வேறு மாதிரி சொல்லுவாள். நம்பிவிடாதீர்கள்.

என் பெயர் வைத்திலிங்கம். ரயில்வே சரக்கு ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா உத்தியோகம். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸ் வாசம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் ஆபீஸ் ஜன்னல் வழியாக ஆற்றுக் காற்று வரும். தூரத்தில் ஓர் எஞ்சின் பெருமூச்சு விடும். உடனே என் பேனா தானாக நின்றுவிடும். முற்றத்தில் நிற்கிற சரக்கு வண்டி மெதுவாகத் தண்டவாளத்தை விட்டு எழும்பும். மேகத்துக்குக் கொஞ்சம் கீழே, சத்தமில்லாமல், கிள்ளான் பக்கமாகப் போகும். கடைசிப் பெட்டியில் நான் உட்கார்ந்திருப்பேன். வெள்ளைக் கால்சட்டை, கையில் பச்சைக் கொடி. கீழே தென்னந்தோப்பு, மலாய்க்காரக் கிராமமான கம்பத்து வீடுகளின் கூரை, அப்புறம் கடல். ஸ்டேஷன் எதுவும் வராது. டிக்கெட் கேட்க ஆளும் வராது.

ஒரு நாள் அப்படிக் கடலைத் தொடப்போகிற சமயம், தலைக்கு மேலே யாரோ இருமினார்கள். கண்ணைத் திறந்தேன். ஒரு பக்கம் தலைமைக் கிராணி சீவரத்தினம் ஐயா. இன்னொரு பக்கம் துரை. ஆள்குறைப்பு நடந்துகொண்டிருந்த காலம் அது. அவசரமாகப் பேனாவை எடுத்தேன். சீவரத்தினம் வாயைத் திறப்பதற்குள் துரை சிரித்துவிட்டார்.

"விடுங்கள். மனிதர் ரெவரீயில் இருக்கிறார்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ரெவரீ எந்தப் பக்கத்து ஸ்டேஷன், என்னை எதற்கு அங்கே மாற்றினார் என்று எனக்குப் புரியவில்லை. ஆபீஸ் அகராதியைப் புரட்டினேன். விழித்திருக்கும்போதே மனம் இனிய நினைவுகளில் மூழ்கிக் கிடக்கும் நிலை என்று போட்டிருந்தது. விழித்திருக்கும்போதே. அந்த இடத்தை மட்டும் விரலை வைத்து மறுபடி மறுபடி படித்தேன். பிறந்தது முதல் எல்லாரும் தூக்கம் தூக்கம் என்று ஏசி வந்த என் குணத்துக்கு இப்படி ஒரு கௌரவமான பெயர் இருந்திருக்கிறது. இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே.

அந்த வார்த்தையைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கேதான் அதற்கு வேலை இருந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சீதா வடகம் காயப்போட்டு, மழை வந்தால் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் பாசாருக்குச் சாமான் வாங்கப் போயிருந்தாள். மழை வந்தது. வடகம் மறுபடியும் மாவானது. நான் என் ஈசிசேரில் இருந்தேன். அன்று முதல் வீட்டில் என் பெயர் தூங்குமூஞ்சி.

"சீதா, அன்னைக்கு நான் தூங்கல."

"பின்னே?"

"ரெவரீல இருந்தேன்."

"அது என்ன வியாதி?"

"வியாதி இல்ல. இங்கிலீசு. பெரிய மனுசங்களுக்கு வர்றது. கண்ணு மூடியிருக்கும், ஆனா முழிச்சுத்தான் இருப்போம்."

"கொறட்டை வந்துச்சே."

"அது மூச்சு. ஆழமா யோசிச்சா ஆழமாத்தான் போகும்."

"வாயும் தொறந்திருந்துச்சு."

"ஆச்சரியத்துல."

சீதா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அதை எப்படிச் சொல்லணும்? ரெவரீ பண்றாருன்னா?"

"சேச்சே. பண்றது இல்ல. அதுல விழணும், மூழ்கணும். 'அவர் ரெவரீயில் மூழ்கியிருக்கிறார்.' அப்படித்தான் சொல்லணும்."

"காது கேக்குமா?"

"பின்னே? தூங்குறவனுக்குத்தான் கேக்காது."

"ஏதாச்சும் கேட்டா பதில் சொல்லுவீங்களா?"

"கேட்டதுக்குத் தகுந்த பதில் சொல்லுவேன்."

"சரிங்க" என்றாள். என் சம்சாரம் அவ்வளவு சுலபத்தில் எதற்கும் சரி சொன்னவள் இல்லை. அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

இங்கே இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். அடுத்த வீட்டில்தான் சீவரத்தினம் குடியிருந்தார். அவர் மனைவி நேசம்மா யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். சாயங்காலத்தில் குவாட்டர்ஸ் பெண்களை உட்காரவைத்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். சீதாவும் போகிறேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் முடியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"சாயங்காலக் கோப்பியை யார் போடுறது?" என்பேன். அது வெளியே சொன்ன காரணம். உள்ளே எனக்குப் பயம். சமையல், கணக்கு, பேச்சு எல்லாவற்றிலும் அவள் கெட்டிக்காரி. வீட்டில் என் கையில் மிச்சம் இருந்தது இங்கிலீஷ் ஒன்றுதான். தினமும் பேப்பரை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டுவேன். தெரியாத வார்த்தை வந்தால் இருமிவிட்டுத் தாண்டிப் போவேன். அவளும் படித்துவிட்டால் நான் ஏன் அவ்வளவு இருமுகிறேன் என்று தெரிந்துபோகும்.

சரி, ரெவரீக்கு வருவோம். அதன் பிறகு எனக்குப் பொற்காலம். யார் வந்தாலும் சீதா வாசலிலேயே நிறுத்தி, "அவரு ரெவரீல மூழ்கியிருக்காரு, அப்புறமா வாங்க லா" என்று மெதுவாகச் சொல்லி அனுப்பிவிடுவாள். வார்த்தை சுத்தம், பிரயோகம் சுத்தம். எனக்கே பெருமையாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். அரை நாள் ஆபீஸ் முடிந்து வந்து ஈசிசேரில் சாய்ந்தேன். மழை வருகிற மாதிரி வானம் மங்கிக் கிடந்தது. வண்டி எழும்பியது. அன்றைக்கு என்னவோ வெகு மெதுவாகப் போனது. பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருப்பது தெரிந்து திரும்பிப் பார்த்தேன். சீதா. கல்யாணத்தின்போது இருந்த மாதிரி இருந்தாள். முடி காற்றில் பறந்தது. அவளை நான் எங்கேயும் கூட்டிப்போனதில்லை என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. கஷ்டமாக இருந்தது. கீழே கடல் பளபளத்தது. அவள் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "நானும் போகட்டுமா?" என்று கேட்டாள். எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம் என்று தோன்றியது. "ம்" என்றேன்.

கண்ணைத் திறந்தபோது சாயங்காலம். கோப்பி வாசனை இல்லை. சீதா நல்ல சேலை கட்டிக்கொண்டு, கையில் சிலேட்டுடன் வாசலில் நின்றாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"நேசம்மாக்கா கிளாசுக்கு."

"யாரு போகச் சொன்னா?"

"நீங்கதான். மத்தியானம் கேட்டேன். 'ம்'னீங்க."

"நான் அப்ப தூ..." என்று ஆரம்பித்தேன். அப்போதுதான் வேலியைப் பார்த்தேன். அந்தப் பக்கம் நேசம்மா நின்றார். அவருக்குப் பின்னால் நாற்காலியில் சீவரத்தினம் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"நானும் இதிலை நிண்டு கேட்டனான்" என்றார் நேசம்மா. "சீதா வடிவா விளங்கத்தான் கேட்டவ. நீங்கள் 'ம்' எண்டு சொன்னனீங்கள். இல்லாட்டி நித்திரையோ?"

சீவரத்தினம் பேப்பரைக் கொஞ்சம் கீழே இறக்கினார்.

வீட்டு ரெவரீயைத் தூக்கம் என்று ஒப்புக்கொண்டால் ஆபீஸ் ரெவரீயும் தூக்கம்தான் என்றாகிவிடும். அவருக்கு அது தெரியாதா? ஆள்குறைப்பில் முதல் பெயர் யாருடையதாக இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

"நித்திரை இல்லக்கா" என்றேன். "ரெவரீ."

"அப்ப சரி" என்றார் நேசம்மா. பேப்பர் மறுபடி மேலே போனது. சீதா செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

அதன் பிறகு சாயங்காலங்களில் கோப்பியை நானே போட்டுக் குடித்தேன். அதைக் கோப்பி என்று சொன்னது நான் மட்டும்தான். சீதா மளமளவென்று படித்தாள். பேப்பர் வாசிக்கும்போது நான் இருமினால், எட்டிப் பார்த்து அந்த வார்த்தையை எழுத்துக் கூட்டிச் சொல்லுவாள். என் ராஜ்யம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது.

காலம் வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சீதா என் ஈசிசேரில் சாய்ந்திருந்தாள். மடியில் பாடப்புத்தகம், கண் மூடியிருந்தது. நான் பூனை மாதிரி பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"சீதா, நாளையிலேருந்து கிளாஸ் வேணாம். நின்னுடுறியா?"

"ம்."

என் சந்தோஷத்தை எப்படிச் சொல்லுவேன். வேலிக்கு ஓடினேன். "அக்கா, ஐயா, ரெண்டு பேரும் வாங்க. சீதா கிளாசை நிறுத்திக்கிறாளாம். இப்பத்தான் தன் வாயாலயே 'ம்'னா."

இரண்டு பேரும் வந்தார்கள். சீதா கண்ணைத் திறந்து, நிதானமாகச் சோம்பல் முறித்தாள்.

"நான் தூங்கிட்டேங்க."

"தூக்கமா? இல்ல சீதா, அது ரெவரீ."

"எனக்கு எதுக்குங்க அதெல்லாம்? காலையில துணி துவைச்ச அசதி, தூங்கிட்டேன். பகல்ல இப்படிக் கொஞ்ச நேரம் தூங்கினா அதுக்கு நேப்புன்னு பேரு. நேத்துதான் அக்கா சொல்லிக் குடுத்தாங்க. அதுல காது கேக்காது."

அவ்வளவுதான். வெட்கமே இல்லாமல் சொல்லிவிட்டாள். வாய்கூட நிறையாத அந்தச் சின்ன வார்த்தை ஆபீஸ் அகராதியிலும்தான் இருந்தது, நான் தேடவில்லை. சீவரத்தினம் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது.

"எல்லாரும் வந்திருக்காங்க, கோப்பி போடுங்களேன்" என்று சொல்லிவிட்டு, சீதா ஈசிசேரில் இன்னும் நன்றாகச் சாய்ந்து புத்தகத்தை எடுத்தாள்.

போட்டேன். அந்த நேரம் முழுக்க நான் தூங்கவில்லை என்பதற்கு இரண்டு வீட்டுச் சாட்சி இருக்கிறது.