பேச்சியம்மாளின் லேகியமும் பெட்டியில்லாத மலைப்பாம்பும்

விமான நிலையம் கட்டியது போக மிச்சமிருந்த ஒரு காட்டில் பேச்சியம்மாள் என்றொரு கரடி வாழ்ந்து வந்தது. அதன் ஒரே மகள் வடிவு ஒரு பனிக்கரடியைக் கல்யாணம் செய்துகொண்டு வெளிநாட்டில் குடியேறியிருந்தது. வடிவுக்கு அங்கே குட்டி பிறந்தது. மறுநாளே அம்மாவுக்கு போன் வந்தது.

"அம்மா, இங்கே பிள்ளை பெத்தவளுக்கு ஐஸ்கட்டியும் பச்சை மீனும்தான் தர்றாங்க. எதைத் தின்னாலும் தங்கமாட்டேங்குது. நீ வரும்போது லேகியம் கொண்டு வாம்மா."

பேச்சியம்மாள் அன்றே அடுப்பை மூட்டியது. சுக்கு, திப்பிலி, ஓமம் எல்லாவற்றையும் இடித்து, தேனும் நெய்யும் ஊற்றிக் கிளறி, ஒரு பெரிய ஜாடி நிறைய லேகியம் செய்தது. மகளுக்குக் கருவாடு, குட்டிக்குத் துணிகள், மருந்து இடிக்கக் கல் உரல் ஒன்று என்று பெட்டி நிறைந்தது. பெட்டியை மூட அதன் மேல் உட்கார வேண்டியிருந்தது. பேச்சியம்மாள் உட்கார்ந்ததும் பெட்டி மறுபேச்சில்லாமல் மூடிக்கொண்டது.

விமான நிலையத்தில் நாரை ஏர்வேஸ் கவுன்ட்டரில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. அது பெட்டியை எடைபோட்டுப் பார்த்தது.

"எடை ரொம்பக் கூட இருக்கும்மா. கூடுதல் கட்டணம் கட்டணும்."

"எவ்வளவு?"

கொக்கு சொன்னது. அந்தப் பணத்துக்கு இன்னொரு கரடியையே கூட்டிப் போகலாம்.

பேச்சியம்மாள் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தது. வரிசையில் நின்ற நரிகளும் மான்களும் அதன் துணிமணிகளை வேடிக்கை பார்த்தன. அது வெட்கப்பட்டுக்கொண்டே உரலை எடுத்துக் கைப்பையில் வைத்தது.

"கல்லைக் கையில கொண்டுபோக முடியாதும்மா. அது ஆயுதம்."

"லேகியத்தையாவது கையில வச்சுக்கிடுதேன்."

"திரவம்னா முடியாது."

"இது திரவமில்ல தம்பி. லேகியம்."

கொக்கு ஜாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. வரிசை முழுக்கக் காத்திருந்தது. வெகுநேரம் கழித்து லேகியம் லேசாக நகர்ந்தது.

"திரவம்தான்" என்றது கொக்கு.

பேச்சியம்மாளுக்குக் கண் கலங்கியது. அப்போது பின்னால் நின்ற மலைப்பாம்பு ஒன்று மெதுவாகத் தலையை நீட்டியது. அதன் பெயர் ஆவுடையப்பன். அதே விமானத்தில், அதே ஊருக்கு, ஒரு மிருகக்காட்சி சாலையில் வேலைக்குச் சேரப் போய்க்கொண்டிருந்தது. அதன் கையில் பை இல்லை. கையும் இல்லை.

"அக்கா, என்னுது பெட்டியில்லாத டிக்கெட். ரொம்ப மலிவு. நான் என் சட்டை, போர்வை, வேலை உத்தரவு எல்லாத்தையும் வீட்டுலயே முழுங்கிட்டு வந்துட்டேன். அங்கே போய்க் கக்கிக்கலாம். உங்க சாமானையும் வேணும்னா முழுங்கிக்கிடுதேன்."

"செரிச்சிராதா தம்பி?"

"எனக்கு ஒரு ஆடு செரிக்கவே ஒரு வாரமாகும். அதுக்குள்ள இறங்கிருவோம்."

பேச்சியம்மாள் யோசித்தது. துணிகளையும் கருவாட்டையும் பெட்டியில் விட்டது. உரலை ஆவுடையப்பனிடம் நீட்டியது. ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கியது. பெட்டியில் போட்டால் தூக்கி எறிந்து உடைத்துவிடுவார்கள். தம்பியின் வயிறு மெத்தென்று இருக்கும். அதையும் கொடுத்தது.

கொக்கு விதிகளைப் புரட்டிப் பார்த்தது. பயணியின் உடம்புக்குள் இருப்பது பயணி என்று போட்டிருந்தது. ஆவுடையப்பனின் நடு உடம்பில் புடைத்திருந்த இரண்டு மேடுகளைப் பார்த்துவிட்டு, "ஜன்னலோரமா, நடையோரமா?" என்று மட்டும் கேட்டது.

வழியில் இன்னொரு ஊரில் விமானம் மாற வேண்டும். அங்கே மூடுபனி. விமானம் எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியவில்லை. பேச்சியம்மாள் ஆவுடையப்பனின் வயிற்றில் காதை வைத்து உட்கார்ந்திருந்தது.

"தம்பி, உள்ளே ஏதாவது பண்ணுதா?"

"கொஞ்சம் சூடா இருக்குக்கா. நல்லாத்தான் இருக்கு."

சிறிது நேரம் கழித்து ஆவுடையப்பன் ஏப்பம் விட்டது. காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த இடமே சுக்கும் திப்பிலியுமாக மணத்தது.

"ஜாடி மூடி திறந்திருச்சு போலிருக்கே" என்றது பேச்சியம்மாள்.

"அக்கா, எனக்குப் பசிக்குது. பிறந்ததிலேர்ந்து இப்படிப் பசிச்சதே இல்ல."

பேச்சியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டது. கல்லையும் கரைக்கும் என்று ஊரெல்லாம் பேர் வாங்கிய லேகியம் அது. முதலில் சட்டை கரைந்தது. பிறகு போர்வை, வேலை உத்தரவு, ஜாடி எல்லாம் போயின. விமானம் கிளம்பும்போது உரலின் மேடு எலுமிச்சை அளவுக்குச் சிறுத்திருந்தது. இறங்கும்போது ஆவுடையப்பன் கயிறு மாதிரி நேராக இருந்தது. தோல் மட்டும் பளபளவென்று மின்னியது.

வேலை உத்தரவு இல்லாமல் மிருகக்காட்சி சாலை அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பார்வையாளர் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். அந்தக் குளிரில் அதை அப்படியே விட்டுவிட்டுப் போக பேச்சியம்மாளுக்கு மனம் வரவில்லை. கோபமும் தீரவில்லை. இரண்டையும் சுமந்துகொண்டு, ஆவுடையப்பனைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனது.

வடிவு மெலிந்து போயிருந்தது. குட்டியை மடியில் வைத்தபடி, "லேகியம் எங்கேம்மா?" என்று கேட்டது.

பேச்சியம்மாள் கழுத்தைக் காட்டியது.

விஷயத்தைக் கேட்ட வடிவு விசும்பி விசும்பி அழுதது. மாப்பிள்ளைப் பனிக்கரடி ஒன்றும் புரியாமல் ஒரு ஐஸ்கட்டியை நீட்டியது. ஆவுடையப்பன் தலையைத் தாழ்த்தி வடிவின் முகத்தருகே போனது.

"என்னை மன்னிச்சிரும்மா" என்றது.

வடிவு அழுகையை நிறுத்தியது. மூக்கை உறிஞ்சிப் பார்த்தது. பாம்பின் மூச்சில் சுக்கும் திப்பிலியும் மணத்தன. கையிலிருந்த பச்சை மீனை ஒரு கடி கடித்தது. அது தொண்டையில் இறங்கியது. இறங்கித் தங்கியும் விட்டது.

"மாமா" என்றது வடிவு, "இன்னொரு தடவை மன்னிப்பு கேளுங்க."

அன்று முதல் ஆவுடையப்பன் அந்த வீட்டில் மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் மன்னிப்பு கேட்டது. வடிவு உடம்பு தேறியது. பக்கத்து வீட்டு சீல்களும் தங்கள் மருமகள்களை அழைத்துவந்து, எதற்கென்று தெரியாமலே, பாம்பை மன்னித்துவிட்டுப் போயின.

நீதி: வெளிநாடு போகிறவர்கள் கூடுதல் சாமானைச் சுமக்க வேண்டாம், அதைத் தின்றவரைக் கூட்டிக்கொண்டு போனால் போதும்.