தராசின் சிவப்பு வண்டி

இந்த வண்டி ஓடவே கூடாது என்று ஒரு நாள் காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது தராசு முடிவு செய்தார்.

வேறு யாராவது அப்படி முடிவு செய்திருந்தால் பரவாயில்லை. பழைய இரும்புக் கடையில் மழையில் நனைந்துகொண்டிருந்த அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை, ஓய்வு பெற்ற கையோடு வாங்கி வந்தவரே அவர்தான். திருகு திருகாகப் பிரித்தார். துருவைத் தேய்த்துத் தேய்த்துத் தன் கைரேகையில் பாதியையும் தேய்த்துவிட்டார். இரண்டே சீட். அதில் உட்கார்ந்தால் ரோடு எழுந்து வந்து முதுகைத் தடவுகிற மாதிரி இருக்கும். இத்தனை பாடுபட்டு ஓடும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, ஓடக் கூடாது என்கிறார். புத்தி பிசகிவிட்டதா என்றால் இல்லை. காதில் ஒரு சேதி விழுந்துவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தராசு என்பது கடைக்காரர்கள் வைத்த பெயர். எடையும் அளவும் சோதிக்கிற ஆய்வாளராக இருந்தவர். தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டுவது, நிறுக்கும்போது கட்டைவிரலால் லேசாக ஒரு அழுத்து அழுத்துவது, எந்தக் கைவேலையும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே எடைக்கற்கள் தாமாகவே ஒழுங்காகிவிடும் என்பார்கள். "என் கண்ணுல மண்ணத் தூவ இனிமே ஒருத்தன் பொறந்துதான் வரணும்" என்பது அவருடைய பல்லவி. ஓய்வு பெற்ற பிறகு அதைக் கேட்கக்கூட ஆளில்லை.

மகள் கல்யாணமாகித் தூரத்து நகரத்துக்குப் போனதும் வீட்டில் சத்தமே அடங்கிவிட்டது. இரண்டு பேர் இருக்கிற வீடுதான். வீட்டம்மா முன்னறையில், இவர் பின்னறையில். "சாப்பிடலாமா?" "வர்றேன்." "விளக்க அணைக்கட்டுமா?" "அணை." ஒரு நாள் முழுக்கப் பேச்சு இவ்வளவுதான். சண்டை கிடையாது. சண்டை போடுவதற்கும் விஷயம் வேண்டுமே! மத்தியானங்களில் தராசு குளியலறைக் குழாய் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைச் சரிசெய்ய அவருக்குத் தெரியும். செய்யவில்லை. அதுவாவது பேசட்டும் என்று விட்டுவிட்டார்.

வண்டி வந்த பிறகுதான் ஓர் அதிசயம் நடந்தது. பழைய என்ஜினைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துச் சாவியைத் திருப்ப வேண்டும். இன்னொருவர் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நெருப்புப் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வேறு வழியில்லாமல் தராசு வீட்டம்மாவைக் கூப்பிட்டார். அவளும் முணுமுணுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். நடுவே பானட் மூடி நிமிர்ந்து நின்றது. அவர் முகம் அவளுக்குத் தெரியாது, அவள் முகம் அவருக்குத் தெரியாது. முகத்துக்கு நேரே வராத பேச்செல்லாம் மூடியைத் தாண்டி வர ஆரம்பித்தது.

"திருப்பு!"

"திருப்பிட்டேன்."

"என்ன பண்ணுது?"

"இருமுது. உங்க அண்ணன் மாதிரியே இருமுது."

"எங்க அண்ணனை ஏன் இழுக்குறே?"

"அவரை யாரால இழுக்க முடியும்? நம்ம கல்யாணத்தன்னைக்கு என்னைக் கூட்டிட்டுப் போகக் கார் கொண்டு வர்றேன்னு போனவரு, சாப்பாட்டு நேரத்துக்குத்தான் தலையக் காட்டினாரு. அதுவரைக்கும் வாசல்லயே நின்னேன்."

"நின்னியா? எனக்குத் தெரியாதே!"

"நீங்க எப்பக் கேட்டீங்க?"

முப்பது வருஷத்துப் பேச்சு பாக்கி இருந்தது. தினம் சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்தார்கள். இடையிடையே தராசு பாடமும் நடத்துவார். "உன் முட்டிக்கு மேல ஒரு பெட்டி இருக்கு பாரு. அதுல கண்ணாடிக் குழாய் மாதிரி இருக்கே, அதுதான் பியூஸ். ஓரத்துல இருக்குற ஒண்ணைக் கழட்டினாப் போதும், பிளக்குக்குக் கரண்ட் போகாது. வண்டி பொணம்!"

"அப்படியா!" என்று அவள் கேட்டுக்கொள்வாள். இத்தனை அக்கறையாகக் கேட்கிற மாணவி கிடைத்ததில் தராசுக்கு வாயெல்லாம் பல்.

இனி, காதில் விழுந்த சேதி. அன்று காலை அவர் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது வீட்டம்மா போனில் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அப்பா வண்டி ஓடட்டும்மா. அரைகுறையா விட்டுட்டு எப்படி வர்றது? ஓடின மறுநாளே கிளம்பி வந்து உன்னோடயே இருந்துடுறேன்."

உன்னோடயே! மகள் வீடு ஒன்றரை அறை. அதில் அம்மாவுக்கு இடம் உண்டு. அப்பா போனால் நாற்காலி உண்டு, இடம் கிடையாது. தராசு பின்னறையைப் பார்த்தார். முன்னறையைப் பார்த்தார். குழாய் சொட்டியது. அப்போது எடுத்த முடிவுதான், வண்டி ஓடக் கூடாது.

ஓடாமல் இருக்க வைப்பது சுலபம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளே ரோட்டர் என்று கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புச் சாமான் சுற்றும். அதை எடுத்துவிட்டால் என்ஜின் இருமும், உயிர் மட்டும் வராது. வீட்டம்மாவைக் கூப்பிடுவதற்கு முன் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பிறகு பானட்டுக்குள்ளிருந்து பெருமூச்சு விடுவார். "இன்னைக்கும் ஆகலையே!"

பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் மதில் மேலாக எட்டிப் பார்த்து, "வேர் வரைக்கும் பாத்துட்டீங்களா சார்?" என்று கேட்பார். "பாத்துட்டேன் டாக்டர், சொத்தை எங்கேன்னே தெரியல" என்பார் தராசு.

இப்படியே காலத்தை ஓட்டியிருக்கலாம். மனசாட்சி என்று ஒரு சனியன் இருக்கிறதே! ஒரு சாயங்காலம் அவர் இரண்டு தடவை "திருப்பு" என்று சொல்லியும் மூடிக்கு அந்தப் பக்கம் சாவி திரும்பவில்லை.

"என்ன, தூங்கிட்டியா?"

"இல்லைங்க. பொண்ணு முகத்த நேர்ல பாத்து எவ்வளவு நாளாச்சுன்னு நெனைச்சேன். போன்ல குரல் மெலிஞ்ச மாதிரி இருக்கு."

சட்டைப் பைக்குள் ரோட்டர் சுட்டது. வாழ்நாள் முழுவதும் யாரைப் பிடித்துக் கொடுத்தாரோ, அந்தக் கூட்டத்தில் தானே போய்ச் சேர்ந்துவிட்டதாகத் தராசுக்குத் தோன்றியது. தட்டை ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டிருப்பது அவருடைய கட்டைவிரல்தான். மகளைப் பார்க்கத் தவிக்கிறவளைத் தன் தனிமைக்குக் காவல் வைப்பது என்ன நியாயம்? போகட்டும். மறுநாள் ரோட்டரைத் துடைத்து அதன் இடத்தில் மாட்டினார். குரலைச் சரிசெய்துகொண்டு கூப்பிட்டார்.

"வா. இன்னைக்கு ஓடிடும்."

"திருப்பட்டுமா?"

"திருப்பு."

என்ஜின் இருமியது. அவ்வளவுதான்.

தராசு பானட்டுக்குள் குனிந்தார். பிளக்கைக் கழற்றினார், சுத்தம். காயில் என்கிற கம்பிச்சுருளும் சரி. பெட்ரோல் வருகிறது. மீட்டர் வைத்துப் பார்த்தால் கரண்ட் ஜம்மென்று போகிறது. அவளைக் கூப்பிட்டுத் திருப்பச் சொன்னால் இருமல். பொய்க் கோளாறு காட்டிய பாவம், நிஜக் கோளாறாக வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு வாரம் அப்படியே போயிற்று. ஒவ்வொரு நாளும் உள்ளேயிருந்து அவள், "ஐயோ, இன்னைக்கும் ஆகலையே!" என்று அவரைவிட உருக்கமாகச் சொன்னாள்.

ஒரு நாள் முற்பகல் அவள் கடைக்குப் போயிருந்தாள். பொறுமையிழந்த தராசு, பானட்டுக்குள்ளும் ஒரு கண் வைக்க வேண்டுமே என்று வெளியில் நின்றபடியே கதவு வழியாகக் கையை விட்டு, துடைப்பக் கட்டையால் ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டு, தானே சாவியைத் திருப்பினார்.

வண்டி கர்ஜித்தது. வண்டி நின்ற கொட்டகையின் கூரை அதிர்ந்தது. மதிலுக்கு மேல் பல் டாக்டரின் தலை முளைத்தது.

"ஓடுது சார்! வாழ்த்துக்கள்!"

"ஓடல டாக்டர். உங்களுக்குக் காதுல கோளாறு" என்று சொல்லிவிட்டு அவசரமாக அணைத்தார்.

எனக்கு ஓடுகிற வண்டி அவளுக்கு ஏன் ஓடவில்லை? பழைய ஆய்வாளர் விழித்துக்கொண்டார். கடைக்காரன் கல்லைப் பார்க்காதே, கையைப் பார். அன்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, அவர் என்ஜினைப் பார்க்கவில்லை. மூடிக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவில் இருந்த இடுக்கு வழியாக அவள் கையைப் பார்த்தார்.

"திருப்பு!"

வீட்டம்மாவின் இடது கை முட்டிக்கு மேல் இருந்த பெட்டிக்குள் போயிற்று. ஓரத்து பியூஸைக் கழற்றி உள்ளங்கையில் மூடிக்கொண்டது. வலது கை சாவியைத் திருப்பியது. "ஐயோ, இன்னைக்கும் ஆகலையே!" வாய் புலம்பிக்கொண்டிருக்கும்போதே பியூஸ் பழைய இடத்துக்குப் போய்விட்டது. என்ன சுத்தம், என்ன வேகம்! எந்தக் கடைத்தெருவிலும் அவர் அப்படி ஒரு கைவேலையைப் பார்த்ததில்லை.

தராசுக்குக் கோபம் வரவில்லை. கண் எரிந்தது. எண்ணெய் ஏதும் படவில்லை. இவள் போக விரும்பவில்லை. இந்தச் சாயங்காலம் இவளுக்கும் வேண்டியிருக்கிறது. மூடிக்குப் பின்னால் நின்று ஒரு பாடு சத்தமில்லாமல் அழுதார். அழுது முடித்ததும், பழக்க தோஷம், ஒரு கர்வமும் எட்டிப் பார்த்தது. இவள் குட்டு எனக்குத் தெரியும், என் குட்டு இவளுக்குத் தெரியாது. தராசா கொக்கா!

மறுநாள் வீட்டம்மா அழுக்குக் கூடையோடு கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"ஏங்க, அந்தச் சட்டையக் கழட்டிக் குடுங்க. தொவைக்கணும்."

கொடுத்தார். அவள் பையை வெளியே இழுத்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள்.

"இதுவும் சுத்தமாத்தான் இருக்கு."

"அதுக்கென்ன?"

"முன்னெல்லாம் தினம் இந்தப் பையில கறுப்பா ஒரு கறை இருக்கும். ஒரு நாள் சாமானே உள்ள இருந்துச்சு. உள்ள சுத்துற அந்தக் கட்டைதானே? எடுத்து ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு புரிஞ்சுது. சரி, போன்ல நான் பேசினது காதுல விழுந்திருக்கு, என்னைப் போக விட மனசில்லைன்னு சந்தோஷமாத் தேய்ச்சுத் தொவைச்சேன்." அவள் குரல் இறங்கியது. "போன வாரம் இன்னைக்கு ஓடிடும்னு கூப்பிட்டீங்க, பையும் சுத்தமா வந்துச்சு. அனுப்பி வைக்கத் துணிஞ்சிட்டாரு மனுஷன்னு நெனைச்சேன். அன்னைக்கு எனக்குச் சாப்பாடு எறங்கல."

தராசு வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.

"நீதானே பொண்ணைப் பாக்கணும்னே?"

"பாக்கணும்னேன். அங்கயே இருக்கவா ஆசைப்பட்டேன்? அவங்க ரெண்டு பேரும் காலைல போனா ராத்திரிதான் வருவாங்க. அங்கயும் எனக்கு நாலு சுவருதான். இங்கயாவது மூடிக்குப் பின்னால ஒரு ஆள் இருக்கு. வந்து கூடவே இருன்னு அவ கூப்பிடுறப்ப என்ன சாக்குச் சொல்றதுன்னு தெரியாமத்தான் வண்டியச் சொன்னேன். இப்ப அவளையே வந்துட்டுப் போகச் சொல்லிட்டேன்."

தராசு ஸ்பேனரைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"சாயங்காலம் கூப்பிடுவீங்கல்ல?" என்றாள்.

"கூப்பிடுறேன்."

கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தவள், திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன். கோளாறு பண்ற வேலைய இனிமே எங்கிட்ட விட்டுடுங்க. நீங்க பண்ணினா சட்டை பாழாகுது."