கை படாத சுளுக்கு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு நடந்த மாபெரும் காரியம், மலேசியாவில், நம்ம ஈப்போ நகரத்தில் குமரப்பன் அண்ணன் சுளுக்குக்கென்றே தனி மையம் திறந்ததுதான், கண்ணுகளா. ‘மருந்தில்லை, மெஷினில்லை, பயிற்சி பெற்ற கை மட்டுமே’ என்று வாசலில் பலகை மின்னியது. அந்தக் கைக்குச் சொந்தக்காரி பிசியோதெரபி படித்த ஷர்மினி. சனிக்கிழமை திறப்பு விழா. அரசு கொடுத்த ‘டத்தோ’ பட்டத்தோடு ஒரு பெரிய மனிதர் வருகிறார்.

ஒரே குறை, விழாவில் வைத்தியம் பார்த்துக் காட்ட ஒரு சுளுக்குகூட இல்லை.

அதை வியாழக்கிழமை தினேஸ்வரி தீர்த்துவைத்தாள். பழைய ரப்பர் தோட்டத்து ஆட்கள் ஒன்றுகூடும் விழாவில், கயிறு இழுக்கும் பெண்கள் அணிக்கு அவள்தான் கடைசி ஆள். கயிற்றை இடுப்பில் சுற்றி ஊன்றி நிற்பவள். ஞாயிற்றுக்கிழமை கோலா கங்சார் ஊர்க்காரிகளிடமிருந்து கோப்பையைப் பிடுங்கியாக வேண்டும். ஒத்திகையில் கணுக்கால் மடங்கிவிட்டது.

ஷர்மினி பார்த்தாள். லேசான சுளுக்குதான், இப்போதே கவனித்தால் ஞாயிற்றுக்கிழமை ஊன்றலாம் என்று குனிந்தாள். அண்ணன் குறுக்கே பாய்ந்தார்.

“தொடாத லா. மொதக் கை டத்தோவோடது.”

“அதுக்குள்ள வீங்கிருமேண்ணே,” என்றாள் தினேஸ்வரி.

“வீங்கட்டும்மா. போட்டோல நல்லாத் தெரியும்.”

நியாயம்தானே? உடனே ‘சுளுக்குப் பாதுகாப்புக் குழு’ அமைந்தது. ஐஸ் வைத்தால் வீக்கம் வடிந்து ‘விழா பாதிக்கப்படும்’ என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். செயலாளர் ஐயாவு வீட்டுக்கே வந்து சுளுக்கின் உடல்நலத்தை விசாரித்துப் போனார். தினேஸ்வரியை விசாரிக்க அவருக்கு நேரமில்லை, பாவம்.

சனிக்கிழமை கணுக்கால் பப்பாளி மாதிரிப் பழுத்திருந்தது. அண்ணனுக்கு மனசு குளிர்ந்தது. ரிப்பன் வெட்டிய டத்தோ கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துவிட்டு, கேமராவைப் பார்த்தபடியே காலில் கை வைத்தார். அப்புறம் அண்ணன், பொருளாளர், ஆலோசகர், ஐயாவு, ஐயாவுவின் சம்சாரம். போட்டோவில் கண் சிமிட்டிவிட்ட ஓர் உறுப்பினர் மறுபடியும் வைத்தார்.

அண்ணன் மைக்கை நீட்டினார். “இப்ப எப்படிம்மா இருக்கு? சபைக்குச் சொல்லு.”

தினேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். “எல்லாரும் கை வச்சிட்டாங்கண்ணே. இனிமே யாரையாச்சும் வைத்தியம் பாக்கச் சொல்லுங்க லா. நாளைக்கு நான் நிக்கணும்.”

மண்டபமே அதிரக் கை தட்டினார்கள். நாட்டின் சுளுக்கு வரலாற்றில் அப்படியொரு கைதட்டல் இல்லை. ஷர்மினி மட்டும் தட்டவில்லை. எப்படித் தட்டுவாள்? பயிற்சி பெற்ற அந்த இரண்டு கையிலும் கத்தரிக்கோல் தட்டு இருந்தது.